அக்காவுக்கு அவர்கள் வைத்த பெயர்

ஜூலை 6, ஞாயிறு

'மஸில்' என்ற சொல் லத்தீனில் 'சுண்டெலி' என்பதிலிருந்து வந்ததாம். கையை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுகிற மாதிரி இருக்குமென்று வைத்த பெயர். பூவிழி அக்காவிடம் சொன்னேன். கையை மடக்கிக் காட்டி, "எனக்கு எலி இல்லடி, பல்லிதான்" என்று சிரித்தாள். சிரித்தபடியே விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை. இந்த வருஷம் இது மூன்றாவது தடவை.

அப்பாவின் அக்கா, செல்வாம்பாள் அத்தை, வாசலுக்கு ஓடித் தன் செருப்பை எடுத்துவந்து அக்கா மூக்கில் அழுத்தினாள். மீன் மார்க்கெட் சேறு இன்னும் காயாத செருப்பு. சீ!

"அத்த, மூச்சு முட்டும்!"

"நீ சும்மா கெட. நாத்தம் உள்ள போனாத்தான் தெளியும்."

ஜூலை 7

தெருமுனை கிளினிக். டாக்டர் அக்காவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஹிஸ்டீரியா. வயசுப் பொண்ணுங்களுக்கு வர்றதுதான். கல்யாணத்தப் பண்ணி வைங்க, சரியாப் போயிடும்" என்று செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அம்மா முகத்தில் என்ன நிம்மதி! அக்காவுக்கு பி.எஸ்சி. முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

ஜூலை 8

பள்ளி நூலகத்தில் அந்தச் சொல்லைத் தேடினேன். கிரேக்கத்தில் 'கருப்பை'. அது உடம்புக்குள் ஒரு மிருகம் மாதிரி அலையும், மேலே ஏறி மூச்சை அடைக்கும் என்று நம்பியிருக்கிறார்கள். வைத்தியம்: மூக்கில் நாற்றம் காட்டி விரட்டுவது. இன்னொரு வைத்தியம்: கல்யாணம்.

இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாகிவிட்டது! அத்தை ஐந்தாவதோடு நின்றவள், அவளை விடலாம். அந்த டாக்டர் எதைத்தான் படித்தார்?

ஜூலை 9

அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "விழறதுக்கு முன்னாடி எனக்கு ரப்பர் எரியற வாசன வரும்டி. எடது கை மரத்துப்போகும். யாராச்சும் என்னைக் கேட்டாங்களா?" ராத்திரி அப்பா காதில் போட்டுவைத்தேன்.

ஜூலை 11

அத்தை தவளக்குப்பத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டாள். ஆடி பிறப்பதற்குள் பெண் பார்க்க வருகிறார்களாம், ஆவணியில் கல்யாணமாம். வலிப்பைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாதாம்.

"இது ஏமாத்தறது இல்லியாம்மா?"

"டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு. ஒனக்கு என்னடி வந்துது?"

அப்பா ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டில் பேச்சு முற்றினால் அவருக்கு எப்போதும் சவாரி வந்துவிடும்.

ஜூலை 13, ஞாயிறு

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கத்திரிக்காய் பொறுக்குவதுபோல் அக்காவின் கையையும் பின்னலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒரு தும்மல் கெடையாதுங்க" — அத்தை.

சொல்லிவிடலாமா? வாயைத் திறந்தேன், அத்தை முறைத்தாள், மூடிக்கொண்டேன்.

அக்காதான் சொன்னாள். "எனக்கு வலிப்பு வருதுங்க. என்னான்னு இன்னும் யாரும் சரியாப் பாக்கல. மொதல்ல அதப் பாக்கணும்."

மாப்பிள்ளை கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தான். அவன் அம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள், ஏதோ மேலே ஒட்டிவிடும் என்பதுபோல. சே, என்ன மனுஷர்கள்!

அவர்கள் போனதும் அத்தை கத்தினாள்: "மானத்த வாங்கிட்டியேடி! இனிமே எவன் வருவான்?" அம்மா அழுதாள். அப்பா ஆட்டோ சாவியை எடுக்கவில்லை. அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"விழப்போறது ஒனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

அக்கா அப்போதுதான் அழுதாள்.

ஜூலை 14

அந்தத் தட்டை யாரும் எடுக்கவில்லை. கடித்த பஜ்ஜிமேல் எறும்பு. நானே குப்பையில் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

ஜூலை 24

போன வாரம் கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரியில் அக்கா தலை முழுக்க ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இன்று ரிப்போர்ட். அந்த டாக்டரம்மா அம்மாவைக் கேட்கவில்லை, அக்காவைக் கேட்டார். ரப்பர் வாசனையைக்கூடக் கேட்டு எழுதிக்கொண்டார். எபிலெப்ஸி. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், விருப்பம் இருந்தால் கல்யாணமும் செய்துகொள்ளலாம் என்றார்.

ஜூலை 25

எபிலெப்ஸி — கிரேக்கத்தில் 'பிடித்துக்கொள்வது'. சாமி வந்து பிடிக்குமென்று நினைத்தார்களாம். இந்தப் பெயரும் தப்பில் பிறந்ததுதான். ஆனால் இந்தப் பெயரைச் சொன்னால் மாத்திரை தருகிறார்கள், செருப்பைக் கொண்டுவருவதில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

அக்கா காலேஜுக்குப் போனாள். பஸ்ஸில், தனியாக. பெண் பார்க்க வந்தவர்கள் போனதிலிருந்து அம்மா அவளோடு சரியாகப் பேசவே இல்லை, இன்றைக்கும் ஒன்றும் சொல்லாமல்தான் டிபன் டப்பாவைக் கொடுத்தாள்.

நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுச் சின்னப்பாப்பா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தபடி, குடத்தோடு நின்ற அம்மாவிடம், "என்னா நிர்மலா, பொண்ணுக்கு என்னமோ ஹிஸ்டீரியாவாமே? அதான் எடம் தட்டிப்போச்சாமே?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

அம்மா குடத்தை இறக்கி வைத்தாள்.

"அது இல்ல. வலிப்பு. மாத்திர சாப்புடுது" என்றாள், அதே சத்தத்தில்.