ஒரே கிண்ணம்

8 ஜூலை 1934, ஞாயிறு. தென்காசி.

மடைத் தண்ணீர்ச் சண்டையில் என் வலக்கையை ஒடித்த மாசிலாமணி, இன்று வேதக்கோயிலில் திருவிருந்துக்கு என் பக்கத்தில் வந்து மண்டியிட்டார். பாதிரி ஐயர் கிண்ணத்தை முதலில் அவருக்குக் கொடுத்தார். சொந்த வீட்டிலேயே அண்ணாந்து குடிக்கிறவன் நான். இவர் எச்சிலிலா வாய் வைப்பது? எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. அதற்குள் கிண்ணம் வந்துவிட்டது. சாரல் விழுந்தால் ஒடிந்த கை நடுங்கும்; இன்றும் சாரல். திராட்சரசம் சிந்தப் பார்த்தது. அவர் கை அடியில் வந்து தாங்கியது. குடித்தேன்.

வெளியே வந்ததும், "சாரலுக்குக் கை வலிக்குதா அண்ணாச்சி?" என்றார்.

"வலிக்கத்தான் செய்யுது."

தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிப்பு கேட்டானா?" என்று மனைவி விடாமல் கேட்கிறாள். கேட்கவில்லை. நாளை மடையில் எங்கள் இருவருக்கும் தண்ணீர் முறை. தடி எடுக்காமல் போகலாம் என்றிருக்கிறேன்.