சணல் விதை தின்பதற்கல்ல

ஏறாவூர்
1943 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். பக்கத்து வளவு உசனாரின் கோழிகளில் இதுவரை செத்தவை ஒன்பது.

அன்பு மகன் ஜுனைதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் தங்கச்சிமாரும் சுகம், நீயும் கொழும்பில் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறோம். ஒரு மாதம் கரடியனாற்றில் விவசாயப் போதனை வேலையாக இருந்துவிட்டு நேற்றுத்தான் வந்தேன், வந்ததும் உன் கடிதம் கிடைத்தது. உணவுத் தட்டுப்பாட்டுக்கான கவர்மெண்டுத் துண்டுப்பிரசுரத்தை உங்கள் அச்சகத்தில் மறுபடி அச்சடிக்கக் கொடுத்தபோது, அதில் சணல் விதையைத் தின்னச் சொல்லியிருப்பது பிழை என்று நீ அச்சை நிறுத்தியதையும், முதற்பதிப்புக்கு ஒருவரும் குறை சொல்லவில்லையே, படித்த ஆளிடம் ஒரு வாரத்தில் எழுத்து வாங்கி வா, இல்லாவிட்டால் வேலைக்கு வராதே என்று முதலாளி கத்தியதையும் வாசித்தேன். நீ செய்தது சரி. இதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றது பிறகு.

பிழை எங்கே என்றால், இங்கிலீசில் இரண்டு செடிக்கும் ஹெம்ப் என்றே பெயர். மூலத்தை எழுதியவர் சொன்னது கஞ்சாச் செடியின் விதை. இலைதான் மயக்கும், விதை மயக்காது. அதில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், நாலில் ஒரு பங்கு இறைச்சியில் உள்ளதைப் போன்ற சத்து. நாட்டு வைத்தியத்துக்கென உத்தரவுப் பத்திரம் வைத்திருக்கும் பரிசாரி வினாயகமூர்த்தி அதை வறுத்து, உப்பும் மிளகாயும் சேர்த்து இடித்து, மெலிந்தவர்களுக்குக் கொடுக்கிறார். எண்ணெய் விளக்குக்கும் சவுக்காரத்துக்கும் ஆகும், பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகும். ஆனால் அந்தச் செடியைப் பயிரிட்டால் பொலிஸ் பிடித்து மறியலில் போடும். மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்துச் சணல் என்று எழுதிவிட்டார். நம்முடைய சணல் நார் வலைக்கும் கயிற்றுக்கும், பூக்குமுன் உழுது புதைத்தால் வயலுக்குப் பசளை. அதன் விதையில் நஞ்சு இருக்கிறது, தின்னத் தின்ன ஈரலைக் கெடுக்கும்.

முதற்பதிப்பு இங்கேயும் வந்திருக்கிறது. உசனார் அதைப் பார்த்து மூன்று கிழமையாகக் கோழிகளுக்குச் சணல் விதையை ஊறவைத்துப் போட்டிருக்கிறான். நான் போய் நிறுத்தச் சொன்னேன். கோழிக்கு நோய் மச்சான், கவர்மெண்டு காயிதம் பொய் சொல்லுமா, ஒங்களுக்கு வயல் தெரியும், எனக்குக் கோழி தெரியும் என்று கொக்கரித்தான். அதோடு விட்டானா, பிள்ளை பெற்று இருபது நாளாகாத பெண்சாதி கைறுன்னிஸாவுக்கும் அதை இடித்துக் கஞ்சியில் போட்டுக் கொண்டுபோய் வைத்தானாம். அவள், கோழிக்குப் போடுற சாமானையா எனக்குத் தாறீங்க, நானும் முட்டை போடணுமா என்று கோப்பையைத் தள்ளிவிட்டாள். அவளுடைய வாய்த்துடுக்கு அவளையும் பாலுண்ணும் பிள்ளையையும் காப்பாற்றியது. நான் செத்த கோழியொன்றை அவன் கண் முன்னே அறுத்து ஈரலைக் காட்டினேன். கல்லுப்போல இறுகியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கொழும்பில இதை மறிச்சது நம்மட ஜுனைதீனா என்று கேட்டான். ஓம் என்றேன். அந்த ஓம் கொஞ்சம் உரத்துத்தான் வந்தது.

பத்தொன்பது வயதில் முதலாளியை எதிர்த்து நிற்க எனக்குத் துணிவு இருந்திருக்காது. உம்மா, எண்ட புள்ள பட்டினி கிடந்தாலும் நஞ்சை அச்சடிக்கமாட்டான் என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் மறித்துச் சொல்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு, ஈய அச்செழுத்துத் தொட்ட கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்காதே. முதலாளியிடம் மரியாதையாகப் பேசு, ஆனால் மன்னிப்புக் கேட்காதே.

இனி நான் செய்யப்போவது:

1. இரண்டு விதைக்கும் படம் வரைந்து, என் பதவியும் கையொப்பமும் போட்ட எழுத்தை இதனுடன் வைக்கிறேன். கஞ்சா விதை வைக்கவில்லை, அது தபாலில் பிடிபட்டால் வேலைக்குப் பதில் மறியல்தான் கிடைக்கும்.
2. நாளைக்கே சந்தையிலும் பள்ளிவாசலடியிலும் நின்று அந்தத் துண்டுப்பிரசுரங்களைத் திருப்பி வாங்குவேன்.
3. சணலுக்குப் பதில் எள்ளும் பயறும் என்று திருத்தி, மேலிடத்துக்கு எழுதுவேன்.
4. வியாழனுக்குள் உன்னைத் திரும்ப எடுக்காவிட்டால் ரயிலேறி வருவேன். முதலாளியைக் கெஞ்ச அல்ல. உன்னைப் பக்கத்தில் இருத்தி ஊருக்குக் கூட்டிவர.

அல்லாஹ் உன் கண்ணையும் நெஞ்சையும் இப்படியே வைக்கட்டும். பதிலைத் தாமதிக்காதே, உம்மா தபால்காரனைப் படுத்துகிறாள்.

உன் வாப்பா,
மீ. ஆதம்லெவ்வை