கறிச்சட்டியும் இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மரும்

என்னங்க, இன்று காலை உங்கள் நண்பர் பாஸ்கர் வந்து, சிடியின் எண்களைப் பாட்டாக்க நீங்கள் கட்டிய டாக் பெட்டியைத் திறந்தார். ஈயம் பற்றவைக்கும் பிசின் வாசனை மெல்ல எழுந்தது. நீங்கள் போய் மூன்று வருடமாகியும் அது போகவில்லை.

"புது சிப்பு போட்டுத் தரேன் அண்ணி. இந்த ரெண்டாவது டிரான்ஸ்ஃபார்மர் சும்னே இடத்தை அடைக்குது, கழட்டிடலாம்" என்றார். கையை எடுக்கச் சொன்னேன்.

நாம் முன்பு குடியிருந்த நீலசந்திரா வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? உயர்ந்த ரகச் சிப்பைப் பொருத்தி நாதஸ்வர சிடியைப் போட்டீர்கள். வாசிப்பவர் மூச்செடுக்க நிறுத்தும் இடங்களில், சோற்றில் மணல் கடிபட்டதுபோல் எனக்குக் கேட்டது. வேறு சிப்பு போட்டீர்கள். மணல் போகவில்லை. எதை மாற்றினால் என்ன கேட்கிறது என்று நான் நோட்டில் எழுதிவந்தேன். உங்கள் எலெக்ட்ரானிக்ஸ் புத்தகங்களையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"எண்ணைப் படிக்கிற பக்கம் இது, பாட்டு வர்ற பக்கம் அது" என்று காட்டினீர்கள்.

"ரெண்டுக்கும் கரண்ட் எங்கேர்ந்து வருது?"

"ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான்."

"கறிச்சட்டியிலயேவா சாமிக்குப் பொங்கல் வைக்கிறீங்க?"

"உன் பூஜை ரூமை இதுக்குள்ள கொண்டாராதே" என்று சிரித்தீர்கள். ஆனால் அடுத்த ஞாயிறு பாட்டுப் பக்கத்துக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்தீர்கள். நாதஸ்வரம் நின்ற இடத்தில் அமைதி இருந்தது. வாசிப்பவரின் மூச்சுகூடக் கேட்டது. அப்போது நீங்கள் சிரிக்கவில்லை.

மாலையில் நண்பர்கள் வந்து சிப்பைப் புகழ்ந்தார்கள். "சிப்பு இல்லப்பா, சப்ளையை நான் பிரிச்சேன்" என்றீர்கள். நான் காபி டம்ளர்களோடு அங்கேயே நின்றிருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை. விளக்கேற்றும்போது சாமியிடமும் சொல்லிவிட்டேன்.

இன்று பாஸ்கரிடம், "பிரிக்கச் சொன்னது நான்" என்றேன்.

"அண்ணன் ஒரு நாளும் அப்படிச் சொல்லலையே அண்ணி."

"அவர் சொல்லல. நீங்க சிடியை ஓடவிட்டு ஒயரை மாத்தி மாத்திப் போடுங்க. நான் அடுப்படியில திரும்பி நிக்கறேன். எது தனி, எது ஒண்ணுன்னு சொல்றேன்."

நான்கு முறை மாற்றினார். நான்கும் சரியாகச் சொன்னேன். ஐந்தாவது முறை, "இப்போ?" என்றார்.

"மாத்தவே இல்லையே தம்பி."

அவர் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். பிறகு, "அண்ணன் எங்களை நல்லா ஏமாத்திட்டார்" என்றார். புதுச் சிப்பு நன்றாக இருந்தால் போடுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும் இருக்கட்டும் என்றேன்.

யார் வீட்டுப் பாட்டானாலும் எனக்கு மணல் இன்னும் கேட்கிறது. அது உங்களிடமிருந்து வந்ததல்ல, என் காதுதான். மூடியை மூடப்போகும்போது அதன் உள்பக்கம் மார்க்கரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். பாஸ்கரிடம் மார்க்கர் வாங்கி அதன் கீழே என் பெயரை எழுதினேன். உங்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. அழிக்கவில்லை.