ஓடும் வண்டியில் வரைந்த படம்

பாவா,

நேற்று அரக்கோணத்தில் ஒரு ரிப்பேர் கடையில், உங்களிடம் இருந்தது போலவே ஒரு பழைய ஸ்கேனர் கிடந்தது. மூடியைத் தூக்கினேன். கண்ணாடியும் தூசியும் கலந்த அந்தப் பழைய வாசனை வந்தது. கடைக்காரர், "வேணுமா சார்? ஓடாது" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்காவைக் கட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்த நீங்கள், பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்தீர்கள். படம் வரைகிறவர்களுக்காக இணையத்தில் ஒரு குழுவும் தொடங்கினீர்கள். வாரம் ஒரு உறுப்பினரின் படத்தை அந்த ஸ்கேனரில் ஏற்றி முகப்பில் வைப்போம். தேர்வு உங்களுடையது, வரும் கருத்துகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

மணவூர் கல்யாணியின் படத்தை வைத்த வாரம் நினைவிருக்கிறதா? சென்னைக்கு வேலைக்குப் போகும் பெண். லோக்கல் ரயிலின் மகளிர் பெட்டியில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கும் பூக்காரிகளை வரைந்திருந்தாள். முறையாக ஓவியம் படித்த ஒருவர் எழுதினார்: "ஜன்னல் ஒரு பக்கம் போகிறது, பெஞ்சு இன்னொரு பக்கம் போகிறது. இதற்கா முகப்பு?" அதன் பின்னாலேயே வேறு சிலர் கிளம்பினார்கள். பெண் என்பதால் இடம் கொடுத்தார்கள், ஊர்க்காரி என்பதால் கொடுத்தார்கள் என்று அசிங்கமாகப் போனது.

நான் எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கினேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"இன்னா மச்சான், நீ பாட்டுக்கு அழிச்சிகினே போறே? அந்தப் பொண்ணப் பத்திப் பேசனதத் தூக்கு. பெஞ்சப் பத்திப் பேசனது இருக்கட்டும்."

அதன் கீழே உங்கள் பெயரிலேயே எழுதினீர்கள்: "இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். தேர்வு பிடிக்காதவர்கள் என்னைக் கேளுங்கள்." கேட்டார்கள். இரண்டு நாள் உங்களை வறுத்து எடுத்தார்கள். நீங்கள் டீ குடித்தபடி ஒவ்வொருவருக்கும் பதில் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அப்போதுதான் கல்யாணி சென்டருக்குப் போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது. ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"சார், என் படத்த எடுத்துடுங்க. ஆபீஸ்ல எல்லாரும் பாத்துகினு சிரிக்கிறாங்க."

நாம் இவ்வளவு வாதாடிய பிறகு எப்படி எடுப்பது என்று எனக்குப் பதறியது. நீங்களோ உடனே, "ஆங், எடுத்துடறேம்மா. உன் படம், உன் இஷ்டம்" என்றீர்கள். பிறகு, "அந்த பெஞ்சு மட்டும் எனக்குப் புரியலம்மா. கோணலாவா கீது?" என்று கேட்டீர்கள்.

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "கோணல்தான் சார். ஓடற வண்டியில நின்னுகினே வரைஞ்சது. உக்கார எடம் கெடைக்கல."

"அத பெஞ்சப் பத்திச் சொன்ன அவருக்கு எழுதறியா?"

எழுதினாள். படத்தை எடுக்கச் சொல்லி மறுபடி கேட்கவில்லை. அந்த ஓவியர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. பார்க்கிறவரின் கண் உயரத்தில் வரும் கண்மட்டக் கோட்டை எப்படிப் பிடிப்பது என்று நாலு வரி எழுதி அனுப்பினார். சில மாதம் கழித்து அதே காட்சியை அவள் மறுபடி வரைந்து அனுப்பினாள். பெஞ்சு நேராக இருந்தது. அதற்கும் அவர் விடவில்லை: "பழைய படத்தில் இருந்த தூக்கம் இதில் இல்லை." நீங்கள் நாற்காலியில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். "இவரு இருக்கிற வரைக்கும் நம்ம குழுவுக்குக் கவல இல்ல மச்சான்!"

குழு நின்றுபோனது. சென்டரை மூடினீர்கள். பிறகு ஒரு காலையில் நெஞ்சு வலி என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

காரியத்தன்று கல்யாணி வந்திருந்தாள். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்:

"அன்னிக்கு சார் எடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா, நான் சண்ட போட்டாவது எடுக்க வெச்சிருப்பேங்க. எடுத்துடறேன்னு சொன்னாரு பாருங்க, அப்பதான் எனக்கு எடுக்க மனசு வரல."

அவள் சொன்னதை இன்னும் மனதில் வைத்திருக்கிறேன் பாவா. மனம் உடைந்து யாராவது என்னிடம் வந்தால், நியாயம் பேச வாய் துடிக்கும். அதை அடக்கிக்கொண்டு, உங்கள் குரலில் முதலில் "உன் இஷ்டம்" என்கிறேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உங்கள் மச்சான்