தண்ணி வத்தாத மண்ணு

என்னங்க,

நமக்குக் கீழ இருக்கிற லயத்து வீட்டு சுலக்ஷனாவோட புள்ளைக்கு வயித்தால போறது இன்னும் நிக்கல. அவகூட ஆஸ்பத்திரிக்குப் போறேன். ரொட்டி சுட்டு மூடி வச்சிருக்கேன்.

நம்ம கக்கூஸுக்குக் குழி வெட்டுறதுக்கு முந்தியே நான் சின்னதாத் தோண்டித் தண்ணி ஊத்திப் பாத்தேன். மறுநாளும் வத்தாம நின்னுச்சு. இது களிமண்ணு, வேற எடம் பாருங்கன்னு சொன்னேன். "ஊரெல்லாம் குழி வெட்டுற எனக்கே மண்ணப் பத்தி சொல்றியா?"ன்னு சிரிச்சீங்க. இப்ப குழி நெறைஞ்சு வழிஞ்சு, கழிவெல்லாம் கீழ் லயத்து ஆளுங்க குடிக்கிற பீலித் தண்ணியில எறங்கிருச்சு.

சுகாதாரப் பரிசோதகர் பத்து மணிக்கு வருவாரு. மழை மேல பழி போடாம உள்ளதச் சொல்லுங்க.

ஜீவராணி

சாவி அடுப்படி ஜன்னல்ல இருக்கு. புள்ளைக்கு எப்படின்னு போன்ல கேக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு வந்து, சுலக்ஷனா மொகத்தப் பாத்துக் கேளுங்க.