வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வாழ்த்து

என் வாயாடிக்கு,

இங்கு நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. பிளம்பர் மூன்றாவது முறை வந்தபோதுதான் வாஷரை மாற்றினார்.

இனி விஷயம். போன செவ்வாய் மதியம் நீ அழைத்து, நீ போயிருக்கும் ஊரிலேயே நம் பத்திரிகையின் செய்திப் பிரிவுக்கு மூன்று ஆண்டு தலைவராக இருக்கச் சொல்கிறார்கள் என்றாய். நான் “கங்கிராஜுலேஷன்ஸ்” என்றேன். கோர்ட்டில் தீர்ப்பு வரப்போகிறது என்று போனை வைத்துவிட்டேன். அன்று எந்தத் தீர்ப்பும் வரவில்லை. அதன் பிறகு உன்னிடமிருந்து ஒற்றை வரிகள்தான். அந்தப் பதவி வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுக்கப் போவதாக என் அக்காவிடம் சொன்னாயாம்.

அக்கா நேரிலேயே வந்துவிட்டாள். “ஏன்டா, பொண்டாட்டி ஜெயிச்சா உனக்கு ஏன் குளிர்காய்ச்சல் வருது?” என்றாள். நான் காபி போடப் போனேன்.

முப்பது ஆண்டாகக் கோர்ட் செய்தி எழுதுகிறேன்; சரிபார்க்காத ஒரு சொல்லையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. உன்னிடம் அன்று சொன்ன வாழ்த்தை மட்டும் சரிபார்க்கவில்லை. நேற்று அலுவலக நூலகத்தில் தடித்த அகராதியை எடுத்தேன். அந்த ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்ததாம். முன்பாதிக்கு ‘உடன்’ என்று பொருள். பின்பாதிக்கு மகிழ்ச்சியைக் காட்டுவது. அப்படியானால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். அன்று நீ ஒருத்திதான் இருந்தாய்.

அதே பதவிக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். கிடைத்த பிறகு சொல்லி உன்னை அசத்தலாம் என்று நினைப்பு. நீ அழைப்பதற்குப் பத்து நிமிடம் முன்புதான் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, எனக்கு இல்லை என்றார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. நீதான் சொன்னாய்.

மூன்று நாள் வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. நான்காம் நாள் உன் துறைமுகச் செய்தியை மறுபடி படித்தேன். பதினொரு பேரைப் பார்த்துப் பேசியிருக்கிறாய். நானாக இருந்தால் நாலு பேரோடு நிறுத்தியிருப்பேன். சரியான ஆளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

எனக்காக வேண்டாம் என்று எழுதாதே. எனக்கு ஆறு வாரம் விடுப்பு பாக்கி இருக்கிறது, வந்துவிடுவேன். போனில் சொன்னால் மறுபடி பாதியில் வைத்துவிடுவேன் என்றுதான், நாளை அங்கே வரும் புகைப்படக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது என்னைக் கூப்பிட்டு லைனிலேயே வைத்துக்கொள். ஒன்றும் பேச மாட்டேன். அந்தப் பேனா ஓடும் சத்தம் எனக்கும் கேட்க வேண்டும்.

நன்றாக இரு.

உன் கோர்ட்டுக்காரன்