தலைவர் மீது குற்றச்சாட்டு

ஹென்டர்சன்
23 மார்ச் 2025

மதிப்புக்குரிய ஏரம்பமூர்த்தி அவர்களுக்கு,

நலமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நேற்றுப் பட்டிமன்றத்தில் உங்கள் எதிரணியில் நின்று சத்தம் போட்ட மேர்சிதான் எழுதுகிறேன். 'பதவியில் இருக்கும் ஜனாதிபதி மீது விசாரணை நடக்கும்போதே குற்றம் சாட்டலாமா?' என்ற தலைப்பு இன்னும் என்னை விடவில்லை. நடுவர் வசீகரன் மணி அடித்துவிட்டார். என் பதில் தொண்டைக்குள் நிற்கிறது.

"அவரைக் கோட்டுக்கு இழுத்தால் நாட்டை யார் நடத்துவது?" என்று கேட்டுக் கைதட்டு வாங்கினீர்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் நாடும் சேர்ந்து படுத்துக்கொள்ளுமா? தென்கொரியாவில் இந்த ஜனவரியில் ஜனாதிபதி பதவியில் இருக்கும்போதே அவர் மீது குற்றம் சாட்டினார்கள். அங்கே பஸ் ஓடாமல் விட்டதா?

போன் எடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீங்கள் மற்றவரைக் கதைத்து முடிக்க விடமாட்டீர்கள். கடிதத்துக்குள் குறுக்கே வரமுடியாதல்லவா?

இப்படிக்கு,
மேர்சி

பி.கு: மேடையில் என் வடையை எடுத்துச் சாப்பிட்டது நீங்கள்தான்.

ஹில்ஸ்பரோ
30 மார்ச் 2025

அன்புள்ள மேர்சி அவர்களுக்கு வணக்கம்.

வடை விடயத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் இல்லை.

தென்கொரியாவிலும் ஜனாதிபதிக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டு. கலகம், தேசத்துரோகம் என்றால்தான் பதவியில் இருக்கும்போதே பிடிக்கலாம். விசாரிக்கவேண்டாம் என்று நான் சொல்லவேயில்லை. விசாரியுங்கள், சாட்சியம் எடுங்கள், பத்திரமாக வையுங்கள். வழக்கை மட்டும் பதவி முடியும்வரை தள்ளி வையுங்கள். இலங்கை அரசியலமைப்பும் அப்படித்தான். அந்த வருடங்கள் வழக்கின் காலக்கெடுவில் சேராது. பதவியில் இருக்கும்வரை வழக்கு இல்லை என்பதே அமெரிக்க நீதித் திணைக்களத்தின் கொள்கையும்.

என் மனைவி உஷா போனபிறகு என்னோடு இப்படி ஒருவரும் சண்டை பிடித்ததில்லை. எல்லோரும் இரக்கப்பட்டே கதைக்கிறார்கள். உங்கள் கடிதத்தை வாசித்துத் தனியே இருந்து சிரித்தேன்.

ஒனெஹங்காவில் ஒரு நல்ல கஃபே இருக்கிறது. சனிக்கிழமை வருவீர்களா? குறுக்கே கதைக்காமல் இருக்க முயற்சி செய்வேன்.

அன்புடன்,
ஏரம்பமூர்த்தி

ஹென்டர்சன்
4 மே 2025

அன்புள்ள மூர்த்திக்கு,

நேற்று, எங்கள் ஐந்தாவது சனிக்கிழமை, அந்தக் கஃபேயில் பாதியில் எழும்பி வந்ததற்கு நீங்கள் காரணம் கேட்பீர்கள். எழுதுகிறேன்.

கலியாணம் செய்வோமா என்று கேட்டீர்கள். நான் ஓம் என்று வாயெடுக்கமுன்னமே, "என் கோயில் தலைவர் பதவி அடுத்த வருடம் முடியட்டும், அதுவரை ஒருவருக்கும் தெரியவேண்டாம்" என்றீர்கள். முருகன் கோயில் தலைவர் சேர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரியைக் கட்டப்போகிறார் என்று சனம் கதைக்கும். அதுதானே பயம்?

தள்ளிவைப்பது உங்களுக்குக் கைவந்த கலை. எனக்கு அது அனுபவம். பென்ஷன் எடுத்தபிறகு இந்த நாட்டின் தென்தீவைச் சுற்றிப் பார்ப்போம் என்று என் கணவர் சிறிலும் நானும் தள்ளிவைத்தோம். அவர் பென்ஷன் வரைக்கும் இருக்கவில்லை. மருந்துக் கடையில் வேலை செய்கிறேன், மூர்த்தி. அடுத்த வருடம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறேன்.

மகள் ரேச்சல் "ஹூ இஸ் ஹீ, அம்மா?" என்று கேட்டாள். எதிர்க்கட்சி என்றேன். அது பகிடி. ஆனால் ஒருவருடைய இரகசியமாக நான் இருக்கமாட்டேன். உங்களை எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆகவேதான் சொல்கிறேன்: நீங்கள் வெளியே சொல்லும்வரை சனிக்கிழமைகளில் நான் வரமாட்டேன்.

மேர்சி

ஹில்ஸ்பரோ
12 மே 2025

என் மேர்சிக்கு,

நேற்றுக் கோயில் நிர்வாகக் கூட்டம். எல்லாம் முடிந்து மற்றவர்கள் கதிரையை மடிக்கும் நேரத்தில் எழும்பினேன். "தலைவர் மீது ஒரு குற்றச்சாட்டு இருக்கு. நானே கொண்டுவாறன்" என்றேன். பொருளாளர் கதிர்காமநாதனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மன்னார் மேர்சியைக் கலியாணம் செய்யப்போறன். அவ வேதம். நான் தலைவராய் இருக்கக்கூடாது எண்டால் இப்பவே சொல்லுங்கோ, இறங்கிறன்."

ஒருவர் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இருபது வருடப் பழக்கம். அது நெஞ்சில் குத்தியது, மறைக்கவில்லை.

பிறகு சரோஜாதேவி அக்கா கேட்டா: "பட்டிமன்றத்தில உம்மை வாங்கு வாங்கெண்டு வாங்கின அந்தப் பிள்ளையோ?"

"ஓம் அக்கா."

"அவவே எங்களுக்குத் தலைவரா வந்தால் இன்னும் நல்லாயிருக்கும்!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஐயர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். கதிர்காமநாதன் என் கையைப் பிடித்து, "கணக்கில ஏதோ பிழை எண்டு நினைச்சுச் செத்துப்போனன் அண்ணை" என்றார். பதவி இருக்கிறது. அது போயிருந்தாலும் இதை எழுதியிருப்பேன்.

சட்டத்தில் நான் சொன்னதே சரி என்று இன்னும் நினைக்கிறேன். அதைப் பற்றி ஆயுள் முழுக்கச் சண்டை பிடிக்க வருவீர்களா?

உங்கள்,
மூர்த்தி

ஹென்டர்சன்
16 மே 2025

அன்பு மூர்த்தி,

வேலைக்குப் போகும்போது உங்கள் கடிதத்தை ரயிலில் பிரித்தேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மாவோரிப் பெண் நல்ல செய்தியா என்று கேட்டா. எனக்குக் கலியாணம் என்றேன். முன்பின் தெரியாத அவதான் என்னை முதலில் கட்டிப்பிடித்தது! ரேச்சலுக்குப் பிறகுதான் சொன்னேன். "அபௌட் டைம்" என்றாள், இவ்வளவு நாளும் ஏன் சுணங்கினீர்கள் என்பதுபோல.

ஓம், மூர்த்தி. ஓம்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. வேலை முடிய நேரே ஹில்ஸ்பரோவுக்கு எடுத்துவருகிறேன். கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்று வாசியுங்கள். வாசிக்கும்போது உங்கள் முகத்தை நான் பார்க்கவேண்டும்.

வாசித்துவிட்டீர்களா? சரி, இனி நீங்கள் கதைக்கலாம்.

மேர்சி